ஓடிபி யாருடைய கைக்குப் போகிறது? சிறு தொழில் நடத்துபவர்களுக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டி

மும்பை தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய பட்டறைகளுக்கும், சயான், மாட்டுங்கா பக்கத்துக் கடைகளுக்கும் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். கணக்கு எழுதப் போகும் இடத்தில் கடவுச்சொல் மறந்துபோன பிரச்சினையும், கணக்கே கைவிட்டுப் போன பிரச்சினையும் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. அப்படிப் பல இடங்களில் உட்கார்ந்து சரிசெய்து பார்த்த பிறகு, எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பாதுகாப்பு என்றவுடன் பெரும்பாலோர் முதலில் கணினிக்கு ஆன்டிவைரஸ் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று. வங்கிக் கணக்கானாலும் ஜிஎஸ்டி கணக்கானாலும், கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னால் புதிய கடவுச்சொல்லுக்கான ஓடிபி ஒரு கைபேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோதான் போகிறது. அந்த எண் யாருடைய கையில் இருக்கிறதோ, அவர்தான் அந்தக் கணக்கின் உண்மையான உரிமையாளர். ஆகவே எண், மின்னஞ்சல், வங்கி, வரி, வாட்ஸ்அப், கணினி என்ற வரிசையிலேயே போக வேண்டும். மின்னஞ்சலைப் பூட்டாமல் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுவது, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு பீரோவுக்குப் புதுப் பூட்டு போடுவதைப் போன்றது.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒரே உட்காரலில் முடிக்க முயல வேண்டாம். இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி படிவங்கள் தாக்கல் செய்யும் கெடு நாட்கள் என்பதால், அவற்றை ஒட்டி எந்தக் கடவுச்சொல்லையும் மாற்றாதீர்கள். மாற்றிய இடத்தில் ஏதேனும் சிக்கிக்கொண்டால் தாமதக் கட்டணம் உங்கள் தலையில் விழும். 25-ஆம் தேதிக்குப் பிறகு உட்காருவதே நல்லது.

உரிமையாளர் தாமே உட்கார வேண்டும். மகனோ மகளோ கணக்காளரோ பக்கத்தில் இருந்து சொல்லித் தரலாம். தட்டச்சு செய்யும் விரல்கள் உரிமையாளருடையவையாக இருக்கட்டும். "நீயே போட்டுவிடு தம்பி, எனக்கு ஒன்றும் புரியாது" என்று கைபேசியை நீட்டும் அண்ணாச்சிகள்தாம் ஆறு மாதம் கழித்துத் தம் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்கிறார்கள்.

ஆதார், பான், ஜிஎஸ்டி சான்றிதழ், வங்கிப் பாஸ்புக், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு, இரண்டு வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை நோட்டில் எழுதக் கூடாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பூட்டிய பீரோவில் இருக்கும் நோட்டை இணையத்தில் இருக்கும் திருடனால் படிக்க முடியாது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பவரை அவனால் ஒரே நாளில் கவிழ்க்க முடியும். எனவே நோட்டு இருக்கட்டும். யுபிஐ ரகசிய எண்ணையும் ஏடிஎம் ரகசிய எண்ணையும் மட்டும் அதில் எழுத வேண்டாம். நோட்டின் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுக்கவும் வேண்டாம். எடுத்த படம் வாட்ஸ்அப்பில் ஒருவருக்காவது போய்விடும்.

1. எந்தக் கணக்கு, எந்த எண்: முதலில் பட்டியல்

நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: கணக்கின் பெயர், பயனர் பெயர், ஓடிபி போகும் கைபேசி எண், இணைத்துள்ள மின்னஞ்சல், இந்தக் கடவுச்சொல் தெரிந்த மற்றவர்கள்.

வங்கிக் கணக்குகள், யுபிஐ செயலிகள், கடையில் பேசும் சவுண்ட்பாக்ஸ், ஜிஎஸ்டி, சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில், வருமான வரி, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, உணவுத் தொழிலானால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், வாட்ஸ்அப் பிசினஸ், இன்ஸ்டாகிராம், கூகுள் மேப்பில் உள்ள கடைப் பக்கம், அமேசான், மீஷோ போன்ற விற்பனைத் தளங்கள், சிசிடிவி கேமரா என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையிலேயே ஓடிபி வரவழைத்து, எந்த எண்ணில் வருகிறது என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் பாதி தவறாக இருக்கும்.

தோல் பை தைக்கும் ஒரு பட்டறையில் இப்படி எழுதியபோது பத்தொன்பது கணக்குகள் வந்தன. அவற்றின் ஓடிபிகள் ஆறு எண்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு எண், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்ட பையனுடையது. அழைத்துப் பார்த்தோம், இந்தியில் பேசும் முன்பின் தெரியாத ஒருவர் எடுத்தார். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண்ணை, 90 நாள் இடைவெளிக்குப் பிறகு தொலைத்தொடர்பு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்க முடியும். பட்டறையின் விற்பனைத் தளக் கணக்கைத் திறக்கும் சாவி அத்தனை காலமும் அந்த மனிதரின் பையில் இருந்திருக்கிறது. அவர் நல்லவர் என்பதால் எதுவும் நடக்கவில்லை.

இந்தப் பட்டியல் முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் எல்லா வேலைக்கும் இதுதான் வரைபடம்.

2. சிம் கார்டைச் சொந்தமாக்குதல்

வங்கிக்கும் வரிக்கும் பயன்படும் எண், உரிமையாளரின் ஆதாரில் வாங்கியதாக இருக்க வேண்டும். மச்சான் பெயரிலோ பழைய கூட்டாளி பெயரிலோ இருந்தால், சிம் தொலைந்த நாளில் மாற்று சிம் வாங்க அவர்தான் வர வேண்டும். உறவு முறிந்திருந்தால் அவரே உங்களுக்குத் தெரியாமலும் வாங்கிவிடலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். நீங்கள் வாங்காத எண் அதில் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கைபேசி தொலைந்தால் அதை முடக்கும் வசதியும் அதே தளத்தில் உண்டு.

அடுத்து, எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையிலும் பில்லிலும் அச்சிட்ட எண் ஒன்று. வங்கி, மின்னஞ்சல், வரி ஆகியவற்றுக்கு மட்டும் உள்ள எண் வேறொன்று. ஊருக்கெல்லாம் தெரிந்த எண்ணிலேயே வங்கிக் கணக்கும் இருந்தால், மோசடிக்காரனுக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. யுபிஐ செயலி இயங்கும் கைபேசியிலேயே அந்த சிம்மும் இருக்க வேண்டும் என்பதால், வங்கி எண் உரிமையாளரின் சொந்தக் கைபேசியிலும் கடை எண் கடைக் கைபேசியிலும் இருக்கட்டும்.

திரை பூட்டியிருக்கும்போது குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். மேலே சொன்ன பட்டறையில் கைபேசி எப்போதும் வெட்டும் மேசை மேல், சொல்யூஷன் டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். பூட்டுப் போட்டிருந்தார்கள். ஆனால் செய்தி வந்தவுடன் ஆறு இலக்கமும் பூட்டிய திரையிலேயே பளிச்சென்று வந்து நின்றது. மேசையைச் சுற்றி அப்போது நான்கு பேர் இருந்தோம். கைபேசியைத் திறக்காமலே படிக்க முடிகிற ஓடிபிக்குப் பூட்டு இருந்தும் பயனில்லை.

சிம்முக்கும் தனி ரகசிய எண் போடலாம்; கைபேசியைத் திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டு ஓடிபி வாங்குவதை அது தடுக்கும். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பக் (PUK) எண்ணைக் கேட்கும் என்பதால், அந்தப் பக் எண்ணை முன்கூட்டியே வாங்கி நோட்டில் எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சுற்றியுள்ள எல்லோருக்கும் சிக்னல் இருக்கும்போது உங்கள் எண்ணுக்கு மட்டும் திடீரென்று போய், கைபேசியை அணைத்து இயக்கியும் திரும்பவில்லை என்றால், யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் எடுத்திருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அந்த நிமிடமே வேறொரு கைபேசியிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

3. மின்னஞ்சலைப் பூட்டுதல்

தாராவியில் நான் பார்த்த மின்னஞ்சல் முகவரிகளில் பாதிக்கு மேல், ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் படிவம் நிரப்பிய நாளில் அந்தக் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்தவை. கடவுச்சொல் அவருக்குத் தெரியும். மீட்பு எண் அவருடையது. உரிமையாளர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்த்ததில்லை. வரித்துறை நோட்டீஸ் அங்கே வந்து கிடக்கும்.

அப்படிப்பட்ட முகவரியைச் சரிசெய்ய முயல்வதைவிட, தொழிலுக்கென்று புதிய முகவரி ஒன்றை உங்கள் கைபேசியிலேயே உருவாக்கி, பட்டியலில் உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுவது நல்லது. கடைசிக் கணக்கு மாறும் வரை பழைய முகவரியை மூடக் கூடாது. மூடிவிட்டால், மாற்றுவதற்கான சரிபார்ப்பு மின்னஞ்சல் போய்ச் சேர இடமிருக்காது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

கடவுச்சொல் நீளமாக இருப்பது, குறியீடுகள் நிறைந்திருப்பதைவிட முக்கியம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, தாழ்ப்பாள், ரயில், ஊறுகாய் என்பதுபோல. நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. குலதெய்வத்தின் பெயர், பிள்ளையின் பெயர், கடையின் பெயர் ஆகியவற்றோடு 123 சேர்ப்பதை விட்டுவிடுங்கள். முதலில் முயலப்படுபவை அவைதாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றும் பழக்கமும் தேவையில்லை. அப்படி மாற்றுபவர்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கசிந்தது என்று தெரிந்தாலோ, அந்தக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ மாற்றினால் போதும்.

பிறகு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஜிமெயில் என்றால் பாதுகாப்புப் பக்கத்திலேயே அது இருக்கும். அதை இயக்கியபின் பத்துக் காப்புக் குறியீடுகளை அங்கே எடுத்துக்கொள்ளலாம். கைபேசி கடலில் விழுந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு முறை உங்களை உள்ளே விடும். அவற்றை நோட்டில் எழுதாமல் இந்தப் படியை முடித்துவிட்டதாக எண்ணாதீர்கள். கைபேசி உடைந்து தம் கணக்குக்கே வெளியில் நின்றவர்களை, கணக்கைத் திருட்டுக் கொடுத்தவர்களைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக இரண்டு இடங்களைப் பாருங்கள். எந்தெந்தக் கருவிகளில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலில், அடையாளம் தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். மின்னஞ்சல் தானாக வேறு முகவரிக்குப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்றும் அமைப்புகளில் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த அமைப்பு அப்படியே இருக்கும் என்பதால், ஒருமுறை நுழைந்தவன் அதைத்தான் விட்டுவிட்டுப் போவான்.

4. வங்கியும் யுபிஐயும்

யுபிஐ ரகசிய எண் பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் வாங்க அது தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், ஏற்றுக்கொள்ள ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவர் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். தனிநபர்களுக்கு இடையில் யுபிஐ வழியே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் வணிகர்களின் கோரிக்கைகள் இன்னும் வரலாம். திரையில் பெயரைப் படிக்காமல் எதையும் ஏற்காதீர்கள்.

இரண்டு வங்கிக் கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் ஒட்டிய கியூஆர் கோடும் கைபேசியில் உள்ள யுபிஐயும் ஒரு கணக்கில் இருக்கட்டும். முதலீடும் சம்பளப் பணமும் கிடக்கும் கணக்கில் யுபிஐயே வேண்டாம். அன்றாட வசூலை வாரம் இரு முறை அங்கே மாற்றிவிட்டால், எவ்வளவு மோசமான நாளிலும் போவது சில நாள் வசூல் மட்டும்தான். எல்லா வேலையிலும் குறைந்த உழைப்பில் அதிகப் பாதுகாப்பு தருவது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். பணம் வந்ததுபோலவே பச்சைத் திரை காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. சவுண்ட்பாக்ஸ் சொல்ல வேண்டும். அல்லது உங்கள் செயலியில் வரவு தெரிய வேண்டும். காலையில் கடை திறந்தவுடன் ஒரு ரூபாய் அனுப்பி, கியூஆர் கோட்டில் உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். இரவில் அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது.

வங்கித் தளத்தைத் தேடுபொறியில் தேடித் திறக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டின்படி இந்திய வங்கிகளின் தளங்கள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. அந்த முடிவைப் பார்த்துவிட்டு ஒரு முறை சேமித்துக்கொண்டு, எப்போதும் அதிலிருந்தே நுழையுங்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் அப்படித்தான்: ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் இருப்பதை நோட்டில் எழுதுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த எண்ணை அழைத்து மாட்டிக்கொண்டவர்கள், தாமே முயன்று திருடனைத் தேடிப் பிடித்தவர்கள்.

5. ஜிஎஸ்டி, இ-வே பில், டிஜிட்டல் கையொப்பம்

பதிவு செய்து கொடுத்த ஆலோசகரின் எண்ணும் மின்னஞ்சலுமே ஜிஎஸ்டி கணக்கில் இருப்பது நம் வட்டாரத்தில் மிகச் சாதாரணம். இதில் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்டு அழைக்காமல் வேலையை முடிக்க அவருக்கு அது வசதி. ஆனால் முறுக்கு, சக்லி போட்டு அனுப்பும் ஒரு குடும்பத்துக்குக் கட்டணத் தகராறில் ஆலோசகரோடு மனக்கசப்பு வந்தபோது, அவர் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இ-வே பில் போட முடியாமல், எண்ணெய் வாடை மாறாத அட்டைப் பெட்டிகள் மூன்று நாள் வாசலில் அடுக்கிக் கிடந்ததை நான் பார்த்தேன்.

எண்ணை மாற்றும் வழி இருக்கிறது. கணக்குக்குள் நுழைய முடிந்தால், பதிவு விவரத் திருத்தத்தில், முதன்மையல்லாத விவரங்கள் என்ற பகுதிக்குப் போய், கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவரின் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றலாம். இதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. கடவுச்சொல்லும் இல்லை, எண்ணும் உங்களுடையதில்லை என்றால், உங்கள் வட்டார வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு நேரில் விண்ணப்பித்தால் அவர் புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்து தருவார். ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "இனிமேல் ஓடிபி என்னிடம் வரும், கேட்டவுடன் பார்த்துச் சொல்கிறேன்" என்றால் நேர்மையானவர் யாரும் வருத்தப்பட மாட்டார். அவர் பதிவு பெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்றால், கடவுச்சொல்லைக் கொடுக்காமலே தளத்தில் அவரை இணைத்துக்கொள்ளவும், வேண்டாதபோது நீக்கவும் வசதி உண்டு.

இ-வே பில் தளத்தில் எல்லோருக்கும் இருபடிச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகிவிட்டது. பில் போடும் பையனுக்கு உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். அவன் பெயரில், அவன் எண்ணில், துணைப் பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். எந்தப் பில்லை யார் போட்டார் என்பதும் தெரியும். அவன் போகும் நாளில் அதை மட்டும் நிறுத்திவிடலாம்.

டிஜிட்டல் கையொப்பம் வைத்திருப்பவர்கள், அந்த யுஎஸ்பி டோக்கன் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆலோசகரின் மேசை இழுப்பறையில், நூல் கட்டி, அதன் ரகசிய எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள். அது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்துக்குச் சமம். திரும்ப வாங்கி, ரகசிய எண்ணை மாற்றி, நோட்டோடு பூட்டி வையுங்கள்.

6. வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் பிசினஸில் கணக்குப் பகுதிக்குப் போய், இருபடிச் சரிபார்ப்பில் ஆறு இலக்க ரகசிய எண்ணைப் போட்டு, மீட்புக்கு மின்னஞ்சலையும் சேருங்கள். இது இல்லாவிட்டால், குறுஞ்செய்தியில் வரும் ஒரு குறியீட்டை ஏமாற்றி வாங்கியவுடன் உங்கள் எண்ணில் மோசடிக்காரன் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர்களிடம் அவசரப் பணம் கேட்பான்.

இணைக்கப்பட்ட கருவிகள் என்ற பகுதியை மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரு கைபேசியோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க ஒரு நாள் இணைத்தது இன்னும் திறந்திருக்கலாம்.

இப்போது அதிகம் வருவது ஏபிகே கோப்பு. போக்குவரத்து அபராதச் சலான், திருமண அழைப்பிதழ், வங்கி விவரப் புதுப்பிப்பு என்று ஏதாவது பெயரில், தெரிந்தவரின் எண்ணிலிருந்தே வரும். அவருடைய கைபேசி முன்பே கெட்டுப்போயிருக்கும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி. அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓடிபிகளை மோசடிக்காரனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் 'அறியாத செயலிகளை நிறுவுதல்' என்பதில் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதியை நீக்கி வையுங்கள். தவறித் தொட்டாலும் நிறுவாது. நிறுவிவிட்டால், உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வேறு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள். பிறகே கைபேசியை முழுமையாக அழித்து அமையுங்கள். செயலியை நீக்கிவிட்டேன் என்று நிம்மதியடைந்து வங்கியை அழைக்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு.

7. பில் போடும் கணினியும் காப்புப் பிரதியும்

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய கணினி வாங்க இப்போது பணம் இல்லையென்றால், பழையதில் பில் மட்டும் போடுங்கள்; வங்கி வேலையை அதில் செய்ய வேண்டாம். திருட்டுப் பதிப்பு மென்பொருளை நிறுவும்போது "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள்" என்று அதனுடனேயே குறிப்பு வரும். அந்தக் குறிப்பே போதுமான எச்சரிக்கை.

தொலைவிலிருந்து சரிசெய்ய எனிடெஸ்க் போன்றவற்றைத் திறந்துவிட்டால், வேலை முடிந்ததும் மூடி, நீங்கள் இல்லாதபோதும் நுழையும் அனுமதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை ரூட்டருக்கும் சிசிடிவிக்கும் வாங்கும்போதே வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

காப்புப் பிரதிக்கு இரண்டு டிஸ்க்குகளையும் வாரம் மாற்றி வாரம் பயன்படுத்துங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். சனிக்கிழமை மாலை, கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் பிரதி எடுத்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள், அப்போது செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதுதான் காரணம். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கைக் காப்பு என்று எண்ணிக்கொண்டிருந்த இரண்டு கடைகளில் ஓராண்டுக் கணக்கைக் காகித பில்களிலிருந்து மீண்டும் எழுதியிருக்கிறேன். தரைத்தளப் பட்டறைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பதையும் மனத்தில் வைத்து, டிஸ்க்கை உயரமான தட்டில் வையுங்கள்.

எடுத்த பிரதி திறக்கிறதா என்று மாதம் ஒரு முறை சோதியுங்கள். தனி ஃபோல்டரில் மீட்டெடுத்து, சென்ற வாரத்துக் கடைசி பில்லின் எண்ணும் தொகையும் கையிலுள்ள காகிதத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் மேலேயே மீட்டெடுத்துவிடாதீர்கள். புதிய பதிவுகள் அழிந்துபோகும்.

8. கணக்கு எண் மாறிவிட்டது என்ற செய்தி

ஆம்பூரிலுள்ள ஒரு டேனரியிடமிருந்து ஆண்டுக்கணக்கில் தோல் வாங்கும் பட்டறைக்கு, அதே பில் வடிவத்தில், அதே கையெழுத்தோடு, "எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. முகவரியில் ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். அனுப்பப்போகும் நேரத்தில் பட்டறை அக்கா, "எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்" என்று தம் பழைய நோட்டில் இருந்த எண்ணை அழைத்தார். அவர்கள் அப்படி எதுவும் அனுப்பவில்லை.

அவர் செய்ததையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண் மாறினால் குரலில் உறுதிப்படுத்த வேண்டும். அழைக்கும் எண் அந்தச் செய்தியில் உள்ளதாக இருக்கக் கூடாது, உங்களிடம் முன்பே இருந்ததாக இருக்க வேண்டும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியே அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. அந்தப் பெயர் பில்லில் உள்ள பெயரோடு ஒத்துவராவிட்டால் நிறுத்துங்கள்.

9. பணம் போய்விட்டால்

முதல் அரை மணி நேரத்தில் யாரைத் திட்டுவது என்று யோசிக்காமல், இரண்டு பேர் இரண்டு கைபேசிகளை எடுங்கள். ஒருவர் வங்கியின் அவசர எண்ணை அழைத்துக் கணக்கை நிறுத்தட்டும். மற்றவர் 1930-ஐ அழைக்கட்டும். இணையக் குற்றங்களுக்கான இந்தத் தேசிய உதவி எண்ணில் சொன்னவுடன், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு தொகை நிற்கும்.

மும்பையில் மறுமுனையில் பெரும்பாலும் மராத்தியிலோ இந்தியிலோ பேசுவார்கள். பதற்றத்தில் மொழி தடுமாறும். ஆகையால் உங்கள் வீட்டில் இந்தி நன்றாகப் பேசும் ஒருவரை இப்போதே முடிவுசெய்து வைத்துக்கொண்டு, கேட்கப்படும் விவரங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தலைப்புகளாக எழுதி வையுங்கள்: உங்கள் வங்கி, கணக்கு எண், பணம் போன தேதியும் நேரமும், தொகை, பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண், போய்ச் சேர்ந்த யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண். புகார் எண் கிடைத்ததும் அதே நாளில் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் ஸ்கிரீன்ஷாட்களோடு புகாரை முழுமையாக்குங்கள். மோசடிக்காரனோடு நடந்த உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள், அதுதான் சான்று.

வங்கிக் கிளைக்கு எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதிகளின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த குறையால் பணம் போயிருந்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எந்த நிலையிலும் தெரிவித்த நேரத்துக்கான ஆதாரம்தான் உங்கள் பக்கத்தில் நிற்கும்.

புகார் கொடுத்த சில நாட்களில், பணத்தை மீட்டுத் தருவதாகவும் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்லி யாரேனும் அழைக்கலாம். காவல் அதிகாரியின் படம் போட்ட எண்ணிலிருந்தும் அந்த அழைப்பு வரும். 1930-க்கோ அந்தத் தளத்துக்கோ எந்தக் கட்டணமும் கிடையாது. அழைத்தவரின் எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.